காணும் என்று சொன்னேன்

சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். "வழி காணும்" என்று என் வாயால்தான் சொன்னேன். அது உன் வீடியோவில் என் குரலில் இருக்கிறது, மறுபடி மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நேற்று போனில் நீ கடைசியாகச் சொன்னது அவ்வளவுதானே. "அம்மா, நீங்களே சொன்னீங்க, ரெக்கார்ட்ல இருக்கு." அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருந்தால் உரக்கப் பேசியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் எழுந்து போகலாம். இந்த நாலு வரிக்குள் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நூல் அப்படியே இருக்கிறது. மேஸ்திரி அடித்துவிட்டுப் போன குற்றியிலிருந்து ரோட்டோரத்துக் குற்றி வரை, பின்வீட்டுத் தங்கத்தின் வழிக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்தில் ஒரு மஞ்சள் நூல். நாளைக் காலையில் அந்த நூலுக்கு அடியில் உன் மதிலின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆள் வருகிறார்கள்.

உனக்குத் தெரியாத இடமா அது. ரோட்டிலிருந்து நம் ரப்பர் நின்ற மனையின் தெற்கு ஓரமாக இறங்கி, பின்னால் ஓடையை ஒட்டித் தோட்டுக்கரையில் இருக்கும் தங்கத்தின் வீட்டுக்குப் போகிற வழி. ஒரு ஆட்டோ போகும், இன்னொரு ஆட்டோ எதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். நிலம் நம்முடையது. வழி அவர்களுடையது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. இந்தப் பக்கத்தில் மனை வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் வழி உண்டா என்று கேட்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வண்டி வீடு வரை வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வழி இல்லாத வீட்டுக்கு மீன்காரன் வரமாட்டான், கல்யாணம் வராது, ஆம்புலன்ஸ் வராது. நீ சைக்கிள் பழகியது அந்த வழியில். விழுந்து முட்டி உடைந்தது அந்த வழியில். தங்கம் உன்னைத் தூக்கி, வாயில் வெற்றிலையோடு, "எலே மக்கா, ரோட்டுல விழுந்தா வண்டி ஏறும், எங்க வழியில விழுந்தா நான் எடுத்துக்கிடுவேன்" என்று சொன்னாள். எங்க வழி. அவள் அப்படித்தான் சொல்வாள். நாமும் அப்படித்தான் சொன்னோம்.

நீயும் நிவேதாவும் உங்கள் கம்பெனி விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்த அன்று நான் புதுப்புடவை கட்டியிருந்தேன். நீதான் நீலம் வேண்டாம், மஞ்சள் கட்டுங்கள் என்றாய். நிவேதா என் பின்னால் நின்று, கொண்டை கலையாமல் கட்டாத வீட்டைக் கட்டினது மாதிரி காட்டுகிற உங்கள் கம்பெனிக் கண்ணாடியை மாட்டி, பட்டையை இறுக்கினாள். மெல்ல இறுக்கினாள், அவள் விரல்களுக்குப் பொறுமை உண்டு. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்று அந்த விரல்களை வைத்து அப்போதே நினைத்துக்கொண்டேன். "நேரா பாருங்கம்மா, இப்ப வரும்" என்றாள். வந்தது. முதலில் ஒரு தூண். பாதித் தூண். பிறகு ஒரு ஜன்னலின் மேல்பாகம். ஒன்றும் இல்லாத மனையில், வெட்டிய ரப்பர் அடிமரங்களுக்கு நடுவில், நீ கட்டப்போகிற உன் வீடு நின்றது. நின்றது என்று சொல்வது சரியில்லை. கையை நீட்டி ஒரு வாரப் பத்திரிகையை விரித்துப் பிடித்தால் எவ்வளவு மறையுமோ, அவ்வளவு இடத்தில் மட்டும் நின்றது. அதற்கு வெளியே வீடு இல்லை. மங்கலாகக்கூட இல்லை, கத்தி வைத்து நறுக்கினது மாதிரி இல்லை. வாசலைப் பார்த்தால் கூரை போயிற்று. கூரையைப் பார்த்தால் வாசல் போயிற்று. கிட்டே போகப் போக வீடு குறைந்தது. முழுதாகப் பார்க்க நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டியிருந்தது, அங்கே நின்றால் அது நம் வீடாகத் தோன்றவில்லை, யாருடைய வீடோ. வெயில் ஏறினதும் சுவர் வழியாகத் தென்னை தெரிய ஆரம்பித்தது. அப்பா மாட்டிக்கொண்டு, "எடா, இதுல பாத்ரூம் எங்கெ" என்று தேடிக்கொண்டே நடந்து அடிமரத்தில் இடித்துக்கொண்டார். "வீட்டெ கண்டேன், மரத்தெ கண்டில்ல" என்று கால்விரலைப் பிடித்துக்கொண்டு அவர் குதித்ததற்கு எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

சிரித்தபோது உன்னைப் பார்த்தேன். எனக்கு வேறொன்று நினைவு வந்தது. இந்த வேலைக்குப் போன புதிதில் நீ விடுமுறைக்கு வந்து, சோறு ஆறுவது தெரியாமல் பேசினாய். "அம்மா, கண்ணாடிக்குள்ள தெரியறது ஒரு சின்ன ஜன்னல்தான். விளம்பரத்துல கண் முழுக்கத் தெரியற மாதிரி காட்டறாங்க. கேமராவுல எடுத்த படத்து மேல கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஒட்டறாங்க. வாங்கறவன் மாட்டிப் பார்த்தா என்ன நினைப்பான்?" அப்போது உன் கழுத்து நரம்பு துடித்தது. எனக்கு அந்தத் துடிப்பு பிடித்திருந்தது. இந்தப் பையனுக்கு ஒன்று உறுத்துகிறது, உறுத்துகிற வரை பயமில்லை என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்துக் கேட்டேன், இப்போது ஜன்னல் பெரிதாயிற்றா என்று. "கொஞ்சம்" என்றாய். "அதெல்லாம் பெரிய விஷயமில்லம்மா. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஜனங்க பழகிடுவாங்க." அன்றைக்குக் கழுத்து நரம்பு துடிக்கவில்லை. அந்த வருஷம்தான் நீ படம் எடுக்கிற பிரிவுக்கு மாறியிருந்தாய்.

இப்போது எங்கள் படம் வந்திருக்கிறது. நான் பார்த்தேன். முதலில் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கமாட்டேன். நெய்யாற்றின்கரையில் இருக்கும் உன் சித்திக்கு அனுப்பினேன், நான் டியூஷன் எடுக்கிற பாரலல் காலேஜ் பிள்ளைகளுக்குக்கூடக் காட்டினேன். மஞ்சள் புடவையில் நான் வெறும் மனையில் நிற்கிறேன், மண்ணிலிருந்து வீடு கிளம்புகிறது, ஓரம் இல்லை, வெட்டு இல்லை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, முற்றத்தில் செம்பருத்தி பூக்கிறது, வெள்ளை மதில் பாம்பு மாதிரி ஓடிவந்து மனையைச் சுற்றிக் கட்டுகிறது. கீழே பொடி எழுத்தில் 'சித்தரிப்பு மட்டும்' என்று ஒரு வரி. நான் வாய் திறந்து, கண் விரிந்து பார்க்கிறேன். பிள்ளைகள் "டீச்சர் நல்லா ஆக்ட் பண்ணுது" என்றார்கள். மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் மதில் எங்கே ஓடுகிறது என்று பார்த்தேன். நாலாவது தடவைதான் என் முகத்தைப் பார்த்தேன். அது அந்த வீட்டைப் பார்த்த முகம் இல்லை.

ஞாபகமிருக்கிறதா, எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று. "ஆச்சரியப்படுங்கம்மா." பட்டேன். "இன்னும் கொஞ்சம்மா." பட்டேன். எனக்கு வரவில்லை. பாதி ஜன்னலைப் பார்த்து எவ்வளவுதான் ஆச்சரியப்படுவது. அலுத்துப்போய்ச் சும்மா நின்றேன். அப்போது கண்ணாடியின் ஓரத்துக்கு வெளியே, என் சொந்தக் கண்ணின் கோடியில், வழியில் ஏதோ அசைந்தது. தாசண்ணன். தங்கத்தின் புருஷன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபின், காரக்கோணம் ஆசுபத்திரிக்கு ஆட்டோவில் தூக்கி வைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்த மனிதர். வலது கையால் வேலிக் கம்பைப் பிடித்திருந்தார். பிறகு கம்பை விட்டார். விட்டுவிட்டு ஒரு அடி வைத்தார். நின்றார். இன்னொரு அடி. தங்கம் பின்னால், பிடிக்காமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழிக்குஞ்சை வளைக்கிற மாதிரி வந்தாள். நான் வாயைத் திறந்தேன். "சூப்பர்ம்மா, அதான், அப்படியே இருங்க" என்று நீ கத்தினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் கண்ணாடி காட்டாத இடத்தை. அந்த முகத்தை எடுத்து நீ மதிலுக்கு எதிரே வைத்திருக்கிறாய்.

எழுந்து போய்விட்டு வந்தேன். ஒரு ஓணான் நூலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நூல் இடைஞ்சலாக இல்லை.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அதே காலையில், படத்துக்கு முன்னால், நிவேதா மனையில் எது எங்கே என்று குறிக்க டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு என்னை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். தெற்கே திரும்பியதும் கேட்டாள். "அம்மா, மதில் தெரியுதா? அதை ஒட்டி வேற ஏதாவது இருக்கா? வழி கிழி?" எனக்குக் கண்ணாடிக்குள் தெரிந்தது வெள்ளைச் சுவரின் ஒரு துண்டு மட்டும். வழி அதற்குக் கீழே எங்கோ இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அங்கேதான் இருக்கும், வேறெங்கே போகும். அதனால் சொன்னேன், "அங்கெ வழி காணும்." நம் ஊரில் வேறெப்படிச் சொல்வார்கள். அப்பா வீட்டில் உண்டா என்று கேட்டால் "வீட்டுல காணும்" என்கிறோம், வீட்டில் இருப்பார் என்று அர்த்தம். நம் பாறசாலையில் காணும் என்றால் இருக்கும். சென்னையில் காணும் என்றால் தொலைந்தது. சாவியைக் காணும், பேனாவைக் காணும். அந்தப் பெண் அவள் ஊர்க் காதால் கேட்டாள். வழி இல்லை என்று டேப்லெட்டில் குறித்தாள். அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அன்று மத்தியானம் என்ன நடந்தது? படம் முடிந்து எல்லோரும் கை கழுவ நின்றபோது அப்பா நிவேதாவிடம், "மக்ளே, ஊணு காணும், இருந்து உண்டிட்டுப் போணும்" என்றார். அவள் முகம் வாடி, "பரவாயில்ல அங்கிள், நாங்க வெளிய சாப்பிட்டுக்கறோம்" என்றாள். அப்பா குழம்பிப்போய், "இதென்ன, மீன் பிடிக்காதா?" என்று என்னைப் பார்த்தார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரித்து முடித்து, உன் ஹாஸ்டல் கதையை அவளுக்குச் சொன்னாய். முதல் வருஷம் உன் அறைக்காரனைத் தேடி வார்டன் வந்தபோது நீ "ரூம்ல காணும் சார்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாய், அவர்கள் பையனைக் காணவில்லை என்று அவன் அப்பாவுக்கே போன் போட்டுவிட்டார்கள், அவன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். நம் வீட்டில் நூறு தடவை சொல்லிச் சிரித்த கதை. அதை என் எதிரில், வாழையிலையில் மீன்குழம்பு ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டென்று அவளுக்கு விளக்கினவன் நீ. அன்று சாயங்காலம் என் குரலைக் கேட்டு, வழி இல்லை என்று எடுத்துக்கொண்டவனும் நீ. எந்தக் காதால் கேட்டாய் மக்கா?

இதை நான் சந்தேகத்தில் எழுதவில்லை. நிவேதா என்னைக் கூப்பிட்டாள். அவளிடம் கோபப்படாதே. கோபப்பட்டால் எனக்குத் தெரிந்துவிடும், அவள் குரலில் தெரியும். "அம்மா, ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். "அன்னிக்கு சாப்பாட்டுல காணும்னா இருக்கும்னு சொன்னாரே. அப்ப காலையில நீங்க வழி காணும்னு சொன்னது?" நான் சொன்னேன், வழி இருக்கும் என்றுதான் சொன்னேன்.  பிறகு, "நான் திரும்பி வர்றப்ப டிரெயின்லயே அவர்கிட்ட கேட்டேம்மா. 'அது வேற'ன்னார்." அவ்வளவுதான் சொன்னாள். உன்னைக் குறை சொல்லவில்லை. போனை வைக்கும்போது, "அந்த அங்கிள் இப்ப கம்பு இல்லாம நடக்கறாரா?" என்று கேட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவளும் ஓரத்தைப் பார்த்திருக்கிறாள்.

அது வேற. இந்த இரண்டு சொல்லோடு நான் நடந்துகொண்டிருக்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு, கிளாஸில் கரும்பலகைக்கு முதுகு காட்டிக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு. எது வேற? சொல் வேறா, வழி வேறா, தங்கம் வேறா? கார் திரும்ப இடம் வேண்டும், அதற்குத் தெற்கு ஓரம் முழுதும் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. நீ என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அம்மா, எனக்கு அந்த இடம் வேண்டும், அவர்களுக்கு வழி அடைபடும், இருந்தாலும் வேண்டும் என்று. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆனால் ஒரு ஆளோடு சண்டை போட்டிருப்பேன். நீ என் வாயை எடுத்து முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாய். பேப்பரில் வழியே இல்லையே என்றும் சொன்னாய். பேப்பர் என்பதும் அந்தக் கண்ணாடி மாதிரிதான், கொஞ்சம்தான் தெரியும்.

முந்தாநாள் மேஸ்திரி நூல் கட்டும்போது தங்கம் வந்தாள். கையில் அரிவாள், தலையில் புல்லுக்கட்டு. நின்று பார்த்தாள். "டீச்சரே, கொடி கெட்டுகியளா? துணி காயப்போட நல்ல இடமாக்கும்" என்றாள். நான் மதிலுக்கு என்றேன்.  "ஓ. மதிலுக்கா" என்று கட்டை இறக்கி வைத்தாள். "அப்பம் நாங்க இனி பறந்து போவணும். எங்க ஆளுக்கு ரெண்டு செறகு வாங்கித் தரச் சொல்லுங்க ஒங்க மகன்ட்ட. மெட்ராஸ்ல கிட்டும்." மேஸ்திரி சிரித்தார். தங்கமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "மொபைல்ல பாத்தேன் ஒங்கள. என்னா அழகு. எங்க ஆளும் பாத்தார். அவருக்கு இப்பம் பேச்சு கொழறும், கைய காட்டினார், இது நான் நடந்த அண்ணைக்கு எடுத்ததாக்கும்ணு. பெறகு அந்தப் படத்துல அவரு காணுமாண்ணு தேடினார். நாலு மட்டம் ஓட்டிப் பாத்தார். காணல்ல" என்றாள். புல்லுக்கட்டைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நூலைத் தாண்டி, பாவாடை தட்டாமல் ஒரு காலைத் தூக்கித் தாண்டி, போனாள். அவள் தாண்டிவிடுவாள். தாசண்ணன்? அந்தப் பக்கம் தோட்டு வரப்பு ஒன்றுதான் மிச்சம். அதில் ஆடு போகும்.

அவள் என்னிடம் கேட்கவில்லை, கவனித்தாயா? வழி விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அது நம்முடையது என்று ஒப்புக்கொண்டதாகும் என்று நினைத்தாளோ என்னவோ. அல்லது நான் இருக்கிறேன் என்று நினைத்தாளோ. இரண்டாவதுதான் என்னை உட்கார விடவில்லை.

அப்பாவிடம் நான் உடனே எல்லாம் சொல்லவில்லை. அவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசை. பாத்ரூம் இருக்கும் திசையைக்கூட முடிவு செய்துவிட்டார். நான் வழியைப் பற்றி முதலில் பேச்செடுத்தபோது, "நீ பேசாம இரி, பயலுக்க ஆசையாக்கும்" என்றார். நேற்று உன் போனுக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கையை வைத்தபடி கேட்டார். அவர் பஸ்ஸில் நீ சின்ன வயசில் போன கதையை அவர் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், இருவரும் அதைத்தான் நினைத்தோம். ஒற்றசேகரமங்கலம் வண்டியில் அவர் கண்டக்டராக இருந்தபோது, நீ ஆசையாகக் கேட்டாய் என்று மணிக்கயிற்றை உன் கையில் கொடுத்தார். ஒரு மணி அடித்தால் நிற்கும், இரண்டு அடித்தால் போகும். ஒரு ஸ்டாப்பில் நீ அவர் கண் காட்டுவதற்குள் இரண்டு அடித்துவிட்டாய். பின்வாசலில் மரச்சீனிக் கிழங்குச் சாக்கோடு ஒரு ஆள் பாதி ஏறியிருந்தார். சாக்கு ரோட்டில் விழுந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை. அப்பா உன்னைத் திட்டவில்லை. இறங்கிப்போய் அந்த ஆளோடு சேர்ந்து கிழங்கைப் பொறுக்கினார், உன்னையும் பொறுக்கச் சொன்னார், வண்டி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க. பிறகு சொன்னார், "டிரைவருக்கு முன்னால உள்ளது மட்டும் தெரிஞ்சா போதும். பின்வாசலெ பாக்கதுக்காக்கும் நான் இருக்கேன். பாத்திட்டுத்தான் டபிள்." நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னது ஒன்றுதான். "பயல் பாக்காம டபிள் அடிச்சிட்டான்." பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

பார்க்காமல் என்று அவர் சொல்கிறார். அது தகப்பன் மனது. பார்த்துவிட்டு அடித்தாய் என்று நான் நினைக்கிறேன். எனக்கு அப்படி நினைக்கப் பிடிக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கலாம். நீ அந்தக் கண்ணாடியோடு இத்தனை வருஷம் இருந்து, ஓரம் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான், படத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று பழகிவிட்டாய். பழகிவிடுவார்கள் என்று நீ சொன்ன ஜனங்களில் முதல் ஆள் நீதான். கண்ணாடி சின்னதாக இருப்பதற்கு நான் உன்னைக் குறை சொல்லவில்லை. யார் கண்ணுக்கும் எல்லாம் தெரிவதில்லை. எனக்கே அன்று மதில் தெரிந்தது, வழி தெரியவில்லை. ஆனால் தெரியாத இடத்தில் ஒன்று காணும் என்று நான் சொன்னேன். இருக்கும் என்று. நம் பேச்சில் அப்படி ஒரு சொல் இருக்கிறது, கண்ணில் படாததை இருப்பதாக வைத்துப் பேச. அதை விட்டுவிட்டு இந்த வீட்டுக்குள் நுழையாதே. நிவேதாவைக் கூட்டிக்கொண்டு நுழையாதே.

நீ என்னிடம் பேசும்போது "சொன்னிய" என்று சொல்வதை விட்டு நாளாயிற்று. "சொன்னீங்க" என்கிறாய். அது எனக்குச் சங்கடமில்லை, வேலை செய்கிற ஊரின் பேச்சு ஒட்டிக்கொள்ளும், என் கிளாஸில் நானும் மலையாளத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவள்தான். ஆனால் இரண்டு பேச்சு தெரிந்தவன் தனக்கு வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று இல்லை. இரண்டு தெரிந்தவன் இரண்டு தடவை கேட்க வேண்டும்.

நிலம் என் பேரில் இருக்கிறது. அதைக் காட்டி உன்னை மிரட்டவில்லை, ஆனால் அதை வைத்துத்தான் இதைச் செய்யப்போகிறேன். வீடு கட்டு. நீ வரைந்தபடியே கட்டு, அந்தத் தூணையும் அந்த ஜன்னலையும் முழுசாகப் பார்க்க எனக்கும் ஆசை உண்டு. மதில் வழிக்கு இந்தப் பக்கம் நிற்கும். கார் முற்றத்தில் திரும்பாது. ரிவர்ஸில்தான் ரோட்டுக்கு எடுக்க வேண்டியிருக்கும். பின்னால் பார்த்து எடுக்க வேண்டியிருக்கும். பழகிவிடுவாய். நீ வரும்போது தோட்டுக்கரைக்கு நீயே போ, என்னை அனுப்பாதே. தங்கம் உன்னைக் கிண்டல் பண்ணுவாள், வாங்கிக்கொள். தாசண்ணனிடம் அந்தப் படத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல். என் முகத்தைக் காட்டிச் சொல். அவருக்குப் புரியும்.

இதுவரை எழுதி முடித்தபோது வெயில் இன்னும் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு மனைக்கு இறங்கினேன். நூலை அவிழ்த்தேன். குற்றி ஆழமாக இறங்கியிருந்தது, ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வந்தது. வழி முழுதும் அந்தப் பக்கம் விட்டு, நம் பக்கமாகத் தள்ளிக் கல்லால் அடித்தேன். அப்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ரோட்டோரத்துக் குற்றியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நூலின் மறு முனையைப் பிடித்து, திரும்பித் தோட்டுக்கரைப் பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டு, "ரைட்" என்றார். இறுக்கிக் கட்டினோம். பிறகு மேஸ்திரியை போனில் கூப்பிட்டு, நாளைக்கு ஆட்கள் வரட்டும், நூல் மாறியிருக்கிறது என்று சொன்னேன்.